முடிச்சவிழ்க்கும் வெளிச்சம்

பரங்கிப்பேட்டையில் நோன்பு மாதத்து மாலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தட்டில் கடல்பாசி ஆறிக்கொண்டிருக்கும். வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே படித்துக்கொண்டிருந்த நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். அவனோடு படித்த உள்ளூர்ப் பையன் வீட்டில் நோன்பு திறக்க எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போன நேரம் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. கோடை வெக்கையில் கடற்கரைக் காற்றுகூடச் சூடாக வந்தது.

அந்தப் பையனின் உம்மா, ஊறப்போட்ட வெள்ளை நாரைக் கொதிக்கவிட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, சீனியும் இளநீரும் சேர்த்து ஓர் எவர்சில்வர் தட்டில் ஊற்றி வைத்திருந்தார். நான் ஆசையோடு எட்டிப் பார்த்தேன். அவர் தட்டின் விளிம்பை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். "இன்னும் தண்ணிதான் தம்பி. அலை அடிக்குது பாருங்க." கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சுண்டு. இந்த முறை மேற்பரப்பில் அலை ஓடவில்லை. தட்டு முழுக்க ஒரே பொருளாக ஒரு கணம் சிலிர்த்து நின்றது. "இப்ப நடுங்குது. வெட்டிரலாம்."

அலைக்கும் நடுக்கத்துக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை அளப்பதற்கு ஆய்வகங்களில் லட்சக்கணக்கில் விலை போகும் ஒரு கருவி உண்டு. ரியோமீட்டர் என்று பெயர். இரண்டு தட்டுகளுக்கு நடுவே கூழை வைத்து, ஒரு தட்டை மெல்ல அப்படியும் இப்படியும் திருப்பி, கூழ் எவ்வளவு வழிகிறது, எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று கணக்குப் போடும். உம்மாவின் விரல் செய்ததும் அதுதான், எண் மட்டும் வராது.

தட்டில் கட்டி நின்றதை எடை போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே தண்ணீரும் சீனியும். பாசியின் சத்து நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆனாலும் அது நிற்கிறது, கத்தியால் வெட்டினால் முனை மழுங்காத சாய்சதுரமாக வருகிறது. காரணத்தை அந்த ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. திண்ணையில் வலை பின்னுகிறவரைப் பார்த்தால் போதும். நூல் கொஞ்சம்தான், ஆனால் முடிச்சுகள் விழுந்த பிறகு அது ஒரு பரப்பாகிவிடுகிறது. பாசியின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஆறும்போது ஒன்றையொன்று முறுக்கிக் கட்டாகின்றன. அந்தக் கட்டுகள்தான் முடிச்சுகள். நடுவே இருக்கும் கண்ணிகளில் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. இப்படித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் வலைக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். கண்ணில் போடும் மென்மையான லென்ஸ், குழந்தையின் டயப்பருக்குள் இருக்கும் பொடி, நொங்கு, நம் உடம்பின் குருத்தெலும்பு எல்லாம் இந்தச் சாதிதான்.

கடல்பாசியில் இன்னொரு விசேஷம். 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறையும். ஆனால் திரும்ப உருக 85 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். அதனால்தான் கரண்ட் போன கோடையிலும் பரங்கிப்பேட்டையில் அது கட்டி நிற்கிறது. எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் என்றால் அந்த வெக்கையில் வழிந்து ஓடியிருக்கும். 1881இல் ஜெர்மனியில் இதே வழிசலால் நொந்துபோயிருந்தார் வால்தர் ஹெஸ்ஸே. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தவர். கோடையில் ஜெலட்டின் உருகியது. உருகாத நாளில் கிருமிகளே அதைத் தின்றன. அவர் மனைவி ஃபானி, சமையலில் தான் போடும் அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுப் பெண்மணியிடம் அவர் கற்ற பக்குவம் அது. அகர் அகர் என்பது நம் கடல்பாசியேதான். இன்றைக்கு உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் சளியையோ சிறுநீரையோ கல்ச்சருக்குக் கொடுத்தாலும் அது அந்தச் சமையல்காரியின் தட்டில்தான் விழுகிறது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார், ஃபானியைக் குறிப்பிடவில்லை.

நம் பக்கத்தில் இந்தப் பாசி மன்னார் வளைகுடாவில் வருகிறது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்து எடுப்பவர்கள் பெண்கள். மரிக்கொழுந்து பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்குப் போகும். கட்டக்கோரை அல்ஜினேட்டுக்கு. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது லேசர் வெளிச்சத்தில் மறுபடி வரும்.

கிருமி கடல்பாசியில் செழிக்கிறது. நம் உடம்பின் செல்லை அதில் போட்டால்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. சாப்பாடு இருக்கும், சூடு சரியாக இருக்கும், ஆனாலும் செல் பெருகாது, கொஞ்ச நாளில் செத்தும் போகும். அதற்குப் பிடிமானம் இல்லை. நம் திசுக்களின் செல்கள் நங்கூரம் போட இடம் கிடைத்தால்தான் பிழைக்கும் சாதி. பாசியின் சர்க்கரைச் சங்கிலியில் அவற்றின் நங்கூரம் மாட்டுவதில்லை. 1964இல் இயன் மக்ஃபர்சனும் லூக் மொன்டானியேயும் இதைத் திருப்பிப் போட்டு ஒரு சோதனையாக்கினார்கள். மெல்லிய அகருக்குள் செல்களைக் கலந்து வைத்தால் சாதாரணச் செல் அடங்கிக் கிடக்கும். புற்றாக மாறியது மட்டும், நங்கூரமில்லாமலே பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். எய்ட்ஸ் கிருமியைக் கண்டதற்காக 2008இல் நோபல் பரிசு வாங்கிய அதே மொன்டானியே. அவருடைய அகர்ச் சோதனை இன்றும் புற்றுநோய் ஆய்வகங்களில் ஓடுகிறது.

ஆக, ஒரு செல் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வாழ்வதா சாவதா என்று முடிவெடுக்கிறது. எதைக் கொண்டு பார்க்கிறது? கண் இல்லை, காது இல்லை. இழுத்துப் பார்க்கிறது.

கரைவலை இழுப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனையில் மீன் நிறைந்த மடி இருந்தால் கயிறு விறைக்கும், கால் மணலில் பதியும், தோள் முழுப் பலத்தையும் வாங்கும். மறுமுனையில் ஒன்றுமே இல்லையென்றால் எத்தனை பேர் இழுத்தாலும் பலம் என்பது எழாது. பின்னால் விழுவார்கள், அவ்வளவுதான். எதிர்ப்பு இருந்தால்தான் விசை பிறக்கும். செல்லின் தோலில் இன்டெக்ரின் என்ற கொக்கிகள் இருக்கின்றன. வெளியே இருக்கும் நாரை அவை பிடிக்கும். உள்ளே ஆக்டின் என்ற கயிறு. அதை மயோசின் என்ற தொழிலாளி, நம் தசையில் இருப்பவனுடைய உறவுக்காரன், ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பான். தரை கெட்டியாக இருந்தால் கயிறு விறைத்து, கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருக்கும் டாலின் என்ற புரதம் இழுபட்டு அவிழும். அவிழ்ந்த இடத்தில் வேறு புரதங்கள் வந்து ஒட்டிப் பிடியை இன்னும் பலப்படுத்தும். சேதி உள்ளே போய், யாப் என்ற ஒரு தூதன் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை முடுக்கிவிடுவான். இந்தத் தூதனின் வேலையை 2011இல் இத்தாலியின் பதுவா நகரத்தில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு காட்டியது. தரை கெட்டி என்றால் யாப் உள்ளே. தரை மெத்தென்றால் வெளியே.

செல் இழுக்கிறது என்பதையே 1980 வரை யாரும் கண்ணால் காட்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு ஆல்பர்ட் ஹாரிஸும் கூட்டாளிகளும் மிக மெல்லிய சிலிக்கோன் ரப்பர்ப் படலத்தில் செல்களை ஊரவிட்டார்கள். பாலாடையில் விரலை வைத்து இழுத்தால் சுருக்கம் விழுமே, அப்படி ஒவ்வொரு செல்லுக்குக் கீழேயும் சுருக்கம் விழுந்தது. 1997இல் ராபர்ட் பெல்ஹாமும் யூ லி வாங்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லை வெவ்வேறு விறைப்பில் செய்து, ஒரே வகைச் செல் மெத்தென்ற தரையில் ஒரு விதமாகவும் கெட்டித் தரையில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதைக் காட்டினார்கள்.

விறைப்பை அளக்கும் கோலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பரங்கிப்பேட்டைக்கு இரும்போடும் ஒரு பழைய உறவு உண்டு. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே இரும்பு உருக்கும் ஆலை நடத்தினார். சேலத்துப் பக்கத்துக் கனிமம், சுற்றுவட்டாரக் காடுகளின் அடுப்புக்கரி. காட்டை விழுங்கிய அந்த ஆலை அந்த நூற்றாண்டுக்குள்ளேயே முடிந்துபோயிற்று. இரும்புக்கும் கடல்பாசிக்கும் விறைப்பை அளப்பது ஒரே கோலால்தான். அலகு பாஸ்கல். இரும்பு 200 கிகாபாஸ்கல், அதாவது இருபதாயிரம் கோடி பாஸ்கல். தட்டில் நடுங்கிய கடல்பாசி சில பத்தாயிரம். தசை சுமார் பத்தாயிரம். மூளை ஆயிரத்துக்கும் கீழே. செல்களை ஆய்வகத்தில் வளர்க்கப் பயன்படும் பிளாஸ்டிக் தட்டு 300 கோடி. இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று பாருங்கள். மூன்று கிலோபாஸ்கல் மெத்தையில் வாழவேண்டிய செல்லை, அதைப் போலப் பத்து லட்சம் மடங்கு கெட்டியான தரையில் படுக்கவைத்து, அது எப்படி நடக்கிறது என்று நாம் பல பத்தாண்டுகளாகப் பாடநூல் எழுதியிருக்கிறோம். சிமெண்ட் தளத்தில் நெல் விதைத்துப் பயிர் நூல் எழுதியதுபோல.

2006இல் பென்சில்வேனியாவில் டென்னிஸ் டிஷரின் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. ஆடம் எங்லர் முதல் பெயர்; இரண்டாவது பெயர் ஷமிக் சென், இப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே ஸ்டெம் செல்களை, ஒரே சாப்பாட்டில், மூன்று வித விறைப்புள்ள ஜெல்களில் வைத்தார்கள். ஒரு கிலோபாஸ்கலும் இல்லாத, மூளை போன்ற மெத்தையில் அவை நரம்புச் செல்போலக் கிளை விட்டன. 8 முதல் 17 கிலோபாஸ்கலில் தசையின் சாயல் வந்தது. 25 முதல் 40இல் எலும்பு கட்டும் செல்லின் அடையாளங்கள். மருந்து மாற்றவில்லை, தரையைத்தான் மாற்றினார்கள்.

நன்றாயிருக்கிறது. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மூன்று தட்டு என்பது மூன்று புகைப்படம். நோய் என்பது படம் அல்ல, ஓட்டம்.

கல்லீரலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ புதுச்சேரியிலோ பெரிய ஆஸ்பத்திரிகளில் ஃபைப்ரோஸ்கேன் என்று ஒரு பரிசோதனை செய்கிறார்கள். விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டல் கல்லீரலுக்குள் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்டு பார்த்துச் சொல்லும். ஆம், உம்மாவின் சுண்டல்தான், மனிதத் தட்டில். நல்ல கல்லீரல் என்றால் 5 கிலோபாஸ்கல் பக்கம் வரும். 12.5ஐத் தாண்டினால் சிரோசிஸ் என்று டாக்டரின் முகம் மாறும். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு ஒரே ராத்திரியில் யாரும் போவதில்லை. பல வருடங்கள் ஆகும். அந்த வருடங்களில் எந்தக் கட்டத்தில் செல் தன் குணத்தை மாற்றியது? விறைப்பைத் திரும்பக் குறைத்தால் செல்லும் திரும்புமா? மெத்தைத் தட்டிலிருந்து செல்லைப் பிய்த்துக் கெட்டித் தட்டில் போட்டு இதைக் கேட்க முடியாது. பிய்க்கும்போதே கொக்கிகளெல்லாம் அறுந்துவிடும். பிறகு அது என்ன செய்தாலும், தரையால் செய்ததா, பிய்த்ததால் செய்ததா என்று தெரியாது. செல் படுத்திருக்கும்போதே, அதை எழுப்பாமல், கீழே இருக்கும் பாயை மாற்ற வேண்டும்.

வெளிச்சம் உள்ளே வந்தது இதற்காகத்தான்.

வெளிச்சத்தால் ஒரு பொருள் கெட்டியாவதை நீங்கள் வாய்க்குள்ளேயே அனுபவித்திருக்கலாம். சொத்தைப் பல்லில் பசைபோல ஒன்றை அப்பி, பல் டாக்டர் நீல விளக்கைப் பிடிப்பார். சில நொடிகளில் அது கல். அந்தப் பசைக்குள் வெளிச்சத்தை வாங்கி வேலையைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள். பெயரிலேயே கற்பூரம் இருக்கிறது, கற்பூரத்திலிருந்துதான் அதைச் செய்கிறார்கள். சிதம்பரத்தில் ஆரத்தியில் வெளிச்சமாகப் போகும் பொருளின் உறவுக்காரன், பல் டாக்டரிடம் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறான். நீல ஒளி பட்டதும் இந்த மூலக்கூறு கிளர்ந்து, பக்கத்துச் சங்கிலிகளின் நுனிகளை ஒன்றோடொன்று கோக்கவைக்கிறது. புது முடிச்சுகள் விழுகின்றன.

இதன் எதிர்த் தொழில்தான் கடினம். விழுந்த முடிச்சை வெளிச்சத்தால் அவிழ்க்க வேண்டும். 2009இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் குளோக்ஸினும் கிறிஸ்டி ஆன்செத்தும் கூட்டாளிகளும் இதைச் செய்தார்கள். நூலுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால், மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறோமே அதே பொருள். செல்லுக்கு அது ருசியும் இல்லை, தொல்லையும் இல்லை. முடிச்சு போடும் இடத்தில் மட்டும் நைட்ரோபென்சில் என்ற ஓர் இணைப்பை வைத்தார்கள். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் அந்த இணைப்பு தானே இரண்டாக விட்டுக்கொடுக்கும். ஒளி படாத முடிச்சு அப்படியே இருக்கும். எவ்வளவு நேரம் ஒளி காட்டுகிறோமோ அவ்வளவு முடிச்சு அவிழும். எந்த இடத்தில் காட்டுகிறோமோ அந்த இடத்தில் மட்டும். குவித்த லேசரால் ஜெல்லுக்குள் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடு ஒரு வாய்க்கால் ஆகிறது. உள்ளே சிறைப்பட்டிருந்த செல் அந்த வாய்க்காலில் ஊர்ந்து வருகிறது.

பாயை மாற்றும் சோதனையை அவர்கள் இதயவால்வுச் செல்களில் செய்தார்கள். 2010இல் வந்த அந்தக் கட்டுரை இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தமானது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். நம் இதயவால்வின் இதழ்கள் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. அவ்வளவு வேலைக்குத் தேயாமலா இருக்கும்? உள்ளே குடியிருக்கும் செல்கள் அவ்வப்போது எழுந்து நார் நெய்து ஒட்டுப்போட்டு, வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. எழுந்த செல் எழுந்தபடியே நின்று, தசைபோல முறுக்கிக்கொண்டு, நார் மேல் நாராகப் போட்டு வால்வைத் தடிக்கவைக்கும். தடித்த வால்வு இன்னும் விறைப்பு. அந்த விறைப்பே செல்லை இன்னும் உசுப்பும். சுற்றிச் சுற்றி இறுகும் முடிச்சு.

பன்றி வால்விலிருந்து எடுத்த செல்களை 32 கிலோபாஸ்கல் ஜெல்லின்மேல் வைத்தார்கள். நுண்நோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கேறிய கயிறுகள், நங்கூரம் பாய்ச்சிய படகைப்போல நாலாபுறமும் இழுத்துக் கட்டப்பட்டு நின்றன. பிறகு அதே செல்களின் அடியில், செல்லைத் தொடாமல், ஒளியைக் காட்டினார்கள். தரை 7 கிலோபாஸ்கலுக்கு இறங்கியது. கயிறுகள் கலைந்தன. முறுக்கிக்கொண்டு நின்றவை அடங்கின. செத்து அடங்கவில்லை என்பதையும் 2012இல் அதே ஆய்வகம் உறுதிசெய்தது. மறுபடி உசுப்பினால் எழும் நிலையில், தூக்கத்துக்குப் போயிருந்தன. அதுவரை தழும்புச் செல் என்றால் திரும்பிவராத ஒன்று என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

எதிர்த்திசைச் சோதனை 2012இல் பிலடெல்பியாவிலிருந்து வந்தது. முராத் குவெந்திரனும் ஜேசன் பர்டிக்கும் ஹயலூரோனிக் அமிலத்தால் ஜெல் செய்தார்கள். மூட்டுக்குள் எண்ணெய்போல இருக்கும் பொருள். முழங்கால் வலிக்கு ஊசியாகவும் போடுகிறார்கள். 3 கிலோபாஸ்கல் மெத்தையில் ஸ்டெம் செல்கள் உருண்டையாகச் சுருண்டிருந்தன. ஒளி காட்டி 30க்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில், 500 சதுர மைக்ரான் இடத்தில் இருந்த செல் 3000க்கு விரிந்தது; இழுக்கும் பலமும் ஏறக்குறைய பத்து மடங்கானது. அதைவிட ருசியான விஷயம் அடுத்தது. இரண்டு வாரப் பொழுதில் தரையைச் சீக்கிரம் இறுக்கினால் செல்கள் எலும்பு பக்கம் சாய்ந்தன; தாமதமாக இறுக்கினால் கொழுப்புச் செல் பக்கம். தரை எவ்வளவு கெட்டி என்பதோடு, எப்போது கெட்டியானது என்பதையும் செல் கணக்கில் வைக்கிறது. மூன்று தட்டு வைத்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

செல்லுக்கு நினைவும் உண்டு என்று 2014இல் தெரிந்தது. ஆன்செத்தின் ஆய்வகத்தில் சுன் யாங்கும் கூட்டாளிகளும் ஸ்டெம் செல்களைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வளர்த்து, பிறகு 2 கிலோபாஸ்கல் மெத்தைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் மட்டும் பிளாஸ்டிக்கில் இருந்தவற்றில், மெத்தை கண்டதும் யாப் உட்கருவைவிட்டு வெளியே வந்துவிட்டது. நீண்ட நாள் இருந்தவற்றில் வரவில்லை. காலுக்குக் கீழே மெத்தை, ஆனால் உள்ளே இன்னும் சிமெண்ட் தரை. பிய்த்து மாற்றியதால் வந்த குழப்பமோ என்ற சந்தேகம் வராமல் இருக்க, ஒளியால் 10 கிலோபாஸ்கலிலிருந்து 2க்கு இறங்கும் ஜெல்லிலும் செய்து பார்த்தார்கள். அங்கேயும் ஓர் அளவுக்குள் இருந்தால் செல் மீண்டது, அதைத் தாண்டினால் மீளவில்லை.

இப்போது கட்டக்கோரை. அதிலிருந்து வரும் அல்ஜினேட்டும் ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். கால்சியம் ஒரு துளி விழுந்தால் போதும், சங்கிலிகள் கால்சியத்தைக் கவ்விக்கொண்டு உறைந்துவிடும். 2015இல் டெக்சாஸில் ரயன் ஸ்டோவர்ஸும் லாரா சக்ஸும் ஒரு தந்திரம் செய்தார்கள். கால்சியத்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து, கூடவே தங்க நுண்குச்சிகளையும் சேர்த்து, செல்கள் இருக்கும் அல்ஜினேட்டுக்குள் கலந்தார்கள். அகச்சிவப்பு ஒளி பட்டால் தங்கம் சூடாகும், குமிழி கசியும், கால்சியம் வெளியே வரும், ஜெல் இறுகும். கால்சியத்துக்குப் பதில் அதைப் பிடுங்கும் மருந்தை அடைத்தால் ஜெல் இளகும். அகச்சிவப்பு ஒளி சதைக்குள்ளும் ஓரளவு ஊடுருவக்கூடியது. புற ஊதா அப்படி இல்லை, செல்லின் டிஎன்ஏவுக்கும் ஆகாது. பிறகு இந்த ஜெல்லுக்குள் மார்பகச் செல்களை ஒழுங்கான உருண்டைகளாக வளரவிட்டு, பாதிவழியில் இறுக்கிப் பார்த்தார்கள். உருண்டை உடைந்து செல்கள் வெளியே ஊடுருவத் தொடங்கின. மார்பில் கட்டி என்று கைக்குத் தட்டுப்படும் கெட்டித்தன்மை, நோயின் அடையாளமாக மட்டும் நிற்காமல் நோயைத் தள்ளும் கையாகவும் இருக்கலாம்.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் ஒருவழிப் பாதை. அவிழ்த்த முடிச்சு அவிழ்ந்ததுதான். போகவும் வரவும் வேண்டுமென்றால் உயிர்களிடம்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது, அதுவும் கடலிலும் நன்னீரிலும் வாழ்பவற்றிடம். 2004இல் ஜப்பானில் அட்சுஷி மியாவாக்கியின் குழு ஒரு பவளத்தின் ஒளிரும் புரதத்தை மாற்றியமைத்து, ஒரு நிற ஒளியில் அணையவும் வேறு நிற ஒளியில் மீண்டும் எரியவும் வைத்தது. பெயர் ட்ரோன்பா, நிஞ்சாக்கள் மாயமாக மறைவதற்கு ஜப்பானியர் சொல்லும் ஒலிக்குறிப்பிலிருந்து முதல் பாதி. இதன் ஒரு வடிவம் ஊதா ஒளியில் நாலு நாலாகக் கைகோக்கும், நீலப்பச்சை ஒளியில் பிரியும். கைகோப்பது முடிச்சு, பிரிவது அவிழ்ப்பு. 2017இலிருந்து இதையே ஜெல்லாகச் செய்து பார்க்கிறார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 2019இல் வில்ஃப்ரீட் வெபரின் குழு, நீலப்பச்சைப் பாசியில் ஒளியை உணரும் ஒரு புரதத்தால் செய்த ஜெல்லை வெளியிட்டது. 660 நானோமீட்டர் சிவப்பில் இறுகும். 740இல், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் சிவப்பின் கடைசி ஓரத்தில், இளகும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிச் செய்யலாம், செல்லுக்கும் உறுத்தல் இல்லை. ஒரு ஸ்டெம் செல்லைக் காலையில் கெட்டியிலும் மாலையில் மெத்தையிலும் படுக்கவைத்துப் பார்க்க முடிகிற காலம் இது.

எல்லாம் விறைப்பால்தான் என்று முடித்துவிடும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முடிச்சை அவிழ்த்தால் விறைப்பு மட்டுமா குறைகிறது? கண்ணியும் பெரிதாகிறது. சாப்பாடு வேகமாக வரும், கழிவு வேகமாகப் போகும். செல் மாறியதற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல நிறையப் பொறுமை வேண்டும்.

இன்னொன்று, திசு வெறும் ரப்பர் அல்ல. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகைவிட்டு இறங்கிச் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு இது தெரியும். வைத்த கணத்தில் சேறு தாங்கும். நின்றுகொண்டே இருந்தால் மெல்ல விட்டுக்கொடுத்துக் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். உடம்பின் திசுக்கள் பலவும் இந்தச் சேற்றுக் குணம் கொண்டவை, முதலில் எதிர்த்து, பிறகு மெல்ல இளகுபவை. டேவிட் மூனியின் ஆய்வகத்தில் ஓவிஜித் சௌதுரி, அல்ஜினேட்டிலேயே இந்த இளகும் வேகத்தை மாற்றிச் செய்து, ஒரே விறைப்புள்ள இரண்டு ஜெல்களில், வேகமாக இளகுவதில் செல் விரிவதையும் எலும்பு கட்டுவதையும் 2016இல் காட்டினார். ஆக, ஒளியால் திருப்ப வேண்டிய குமிழ்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. விறைப்பையும் இளகும் வேகத்தையும் தனித்தனியாகத் திருப்புவது எப்படி என்பதில்தான் இப்போது பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் நீர் வற்றும் நேரத்தில் என் நண்பன் சேற்றில் இறங்கிப் புழு பொறுக்குவான், ஆராய்ச்சிக்கு. கால் புதையாமல் நடக்கும் வித்தையை அவனிடம்தான் பார்த்தேன். பாதத்தைத் தட்டையாக வைத்து, முழு எடையும் இறங்குவதற்குள் அடுத்த காலை எடுத்துவிட வேண்டும். நான் நின்று யோசித்தேன். முழங்கால் வரை போய்விட்டது. செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஊசியாகப் போடுவதற்கு ஸ்டெம் செல்களைப் பெருக்கும்போது, வாரக்கணக்கில் அவற்றைப் பிளாஸ்டிக் குடுவையில்தான் வளர்க்கிறார்கள். யாங்கின் சோதனையைப் படித்தபிறகு, அப்படி ஒரு குப்பியைக் கையில் எடுத்தால் உள்ளே எத்தனை கோடி செல் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இவை எத்தனை நாள் சிமெண்ட் தரையில் படுத்திருந்தன என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.